சோளக்காட்டுக்கு வரும் ரோஸ் கலர் விருந்தாளி: திருடனா, தோழனா?

அவிநாசி:

மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் 5½ மணிக்கு மேல் அவிநாசி சுற்று வட்டாரத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தால் ஒரு வேடிக்கை கண்ணில் படலாம். கரும்புகை கிளம்பிய மாதிரி ஒரு கூட்டம் வரும். சட்டென்று திரும்பும். சுருங்கும், விரியும். கடைசியில் மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டியது போல ஒரு முள்மரத்துக்குள் இறங்கி மறைந்து விடும்.

அது புகையும் இல்லை, வெட்டுக்கிளியும் இல்லை. சோளக்குருவி.

காட்டுக்காரர்களுக்கு இந்த பெயரைக் கேட்டாலே வயிற்றெரிச்சல்தான். முற்றி வரும் சோளக்கதிரில் ஒரு கூட்டம் இறங்கி எழுந்தால் மூன்று மாதப் பாடு வீண். ஆனால் அதே குருவிதான் பூச்சியைத் தின்கிறது. ஆலம்பழத்தைத் தின்று, ஆள் வைத்து நட முடியாத இடத்தில் எல்லாம் மரத்தை முளைக்க வைக்கிறது.

அப்படியானால் இது திருடனா, தோழனா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

மைனாவுக்கு சொந்தம்

சோளக்குருவி என்று நம்ம ஊரில் சொன்னாலும் இது சிட்டுக்குருவி அளவு சின்னது அல்ல. மைனா சைஸ் இருக்கும். மைனாவும் இதுவும் ஒரே குடும்பம். ஆங்கிலத்தில் ரோஸி ஸ்டார்லிங் என்கிறார்கள். சூறைக்குருவி, சோளப்பட்சி என்றும் தமிழில் பெயர் உண்டு. சூறைக்காற்று மாதிரி வந்து சூறையாடி விட்டுப் போவதால் அந்த பெயர் ரொம்பப் பொருத்தம்.

வளர்ந்த பறவைக்கு தலை, இறக்கை, வால் எல்லாம் கருப்பு. முதுகும் வயிறும் ரோஸ் கலர். தலையில் ஒரு கொண்டை. அந்த வருஷம் பிறந்த குஞ்சு மட்டும் வெறும் மண் கலரில், மஞ்சள் மூக்கோடு இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே ஜாதி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. 'பாஸ்டர்' என்பது அந்த பெயரின் முதல் பாதி. லத்தீன் மொழியில் அதற்கு மேய்ப்பன் என்று அர்த்தம். சர்ச் பாஸ்டரும் அதே வார்த்தைதான். ஆடு, மாடு மேயும்போது புல்லில் இருந்து கிளம்பும் பூச்சியைப் பிடிக்க இந்த குருவி மந்தையின் பின்னாலேயே சுற்றும். அதனால் வந்த பெயர். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டில் மாடு மேய்ப்பவர்களுக்கு இந்த பெயரின் பொருத்தம் உடனே புரியும்.

பிறந்த ஊர் எது?

சோளக்குருவி நம்ம ஊரில் கூடு கட்டுவது கிடையாது. கிழக்கு ஐரோப்பாவில் தொடங்கி கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், சீனாவின் சின்ஜியாங் மாநிலம் வரை உள்ள புல்வெளிதான் இதன் பிறந்த வீடு.

மே, ஜூன் மாதங்களில் அங்கே வெட்டுக்கிளி பெருகும். அந்த நேரம் பார்த்து இவை கூட்டமாக வந்து கல் இடுக்கில், பாறைக் குவியலில் கூடு வைக்கும். ஒரு ஜோடி 3 முதல் 6 முட்டை வரை இடும். பொரித்த குஞ்சுகள் சுமார் 24 நாளில் கூட்டை விட்டுப் பறந்து விடும். வெட்டுக்கிளி எங்கே அதிகமோ அங்கேதான் கூடு என்பதால், போன வருஷம் இருந்த இடத்தில் இந்த வருஷம் ஒன்றுகூட இல்லாமல் போவதும் உண்டு.

பிள்ளைப்பேறு முடிந்தால் அங்கே வேலை முடிந்தது. உடனே மூட்டை கட்டி விடும். வடமேற்கு இந்தியாவுக்கு ஜூலை, ஆகஸ்டு மாதமே முதல் கூட்டம் வந்து விடும். மற்ற வலசைப் பறவைகள் கிளம்பவே இல்லாத நேரம் அது. அங்கிருந்து குஜராத், மராட்டியம் என்று தெற்கே இறங்கி, நம்ம பக்கம் எட்டிப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை ஆகிவிடும். கஜகஸ்தானில் இருந்து அவிநாசிக்கு நேர்கோட்டில் பார்த்தாலே 3 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். சுற்றி வரும் தூரம் இன்னும் அதிகம்.

பங்குனி, சித்திரையில் திரும்பும் பயணம். கணக்குப் போட்டால் வருஷத்தில் பாதிக்கு மேல் இவை இந்தியாவில்தான் இருக்கின்றன. வெளிநாட்டுப் பறவை என்கிறோம். ஆனால் பிறந்த வீட்டில் இருப்பதை விட இங்கே இருக்கும் நாள்தான் அதிகம்.

போடப் போட பளிச்!

பனியன் துணி போடப் போட சாயம் போகும். இந்த குருவிக்கு நேர் எதிர்.

குளிர்காலம் தொடங்கும்போது இதன் கலர் மங்கலாக, அழுக்கு படிந்த மாதிரி இருக்கும். காரணம், புதிதாக முளைத்த இறகுகளின் ஓரத்தில் ஒரு வெளிர் கரை. மாதக்கணக்கில் பறந்து, கிளையில் உரசி, அந்த ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து விடும். உள்ளே இருக்கும் ரோஸ் கலரும் பளபளக்கும் கருப்பும் அப்போதுதான் வெளியே தெரியும்.

அதனால் கார்த்திகையில் பார்த்த குருவியை மாசி கடைசியில் பார்த்தால் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஊருக்குப் போய் ஜோடி தேட வேண்டுமே!

பழம்தான் முதல் சாப்பாடு

சோளத்தைத் தின்பதால் சோளக்குருவி என்று பெயர் வந்து விட்டது. உண்மையில் குளிர்காலத்தில் இதற்கு உயிர் கொடுப்பதில் பெரும்பங்கு பழங்களுக்கு.

ஆலம்பழம், அரசம்பழம், அத்தி வகைகள், உன்னிச்செடியின் கருநீலப் பழம் எல்லாம் இதற்கு இஷ்டம். குஜராத் பக்கம் உகா மரத்துப் பழத்துக்கு அலையும். ஓர் ஆலமரம் பழுத்தால் போதும், விடிந்ததும் கூட்டம் ஆஜர். மரத்துக்குள் குருவி தெரியாது. சளசளவென்று சத்தம் மட்டும் வாரச்சந்தை மாதிரி கேட்கும்.

பழத்தில் ஏன் இத்தனை மோகம்? குளிர்கால ராத்திரியை ஓட்ட சூடு வேண்டும். அதற்கு சர்க்கரை வேண்டும். பழச்சர்க்கரை உடனே ரத்தத்தில் ஏறி பலம் கொடுக்கும். இதில் ஒரு விசேஷம் உண்டு. நாம் டீயில் போடும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி ஸ்டார்லிங் குடும்பத்துப் பறவைகளுக்கு இல்லை என்று ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. பழத்தில் தானாகவே இருக்கும் எளிய சர்க்கரைதான் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். எனவே பாவம் பார்த்து யாரும் சர்க்கரைத் தண்ணி வைக்க வேண்டியதில்லை.

பழத்தில் சர்க்கரை உண்டு, புரதம் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க வெட்டுக்கிளி, புழு, ஈசல் என்று பூச்சியையும் பிடிக்கும். தை, மாசியில் கல்யாண முருங்கை, இலவு, பலாசு மரங்கள் பூத்தால் பூவுக்குள் தலையை விட்டு தேனை உறிஞ்சும். வெளியே எடுக்கும்போது நெற்றி முழுக்க மகரந்தம். அதோடு அடுத்த மரத்துக்குப் போவதால் அங்கே காய் பிடிக்கிறது.

விழுங்கியது திரும்ப வரும்

முதலை விழுங்கிய பிள்ளையை சுந்தரர் பதிகம் பாடி உயிரோடு மீட்டார் என்பது அவிநாசி தல வரலாறு. அந்த ஊர்க்காரர்களுக்கு அடுத்த விஷயத்தைப் புரிந்து கொள்வது சுலபம்.

குருவி விழுங்கிய ஆலம்பழத்தில் சதை மட்டும்தான் செரிக்கும். கடுகை விடச் சின்னதான விதை சேதாரம் இல்லாமல் எச்சத்தோடு வெளியே வந்து விழும். விழுந்த இடத்தில் ஈரம் இருந்தால் முளைக்கும்.

பனைமரத்தின் மட்டை இடுக்கில் ஆலங்கன்று முளைத்து, நாளடைவில் பனையையே சுற்றி வளைத்து நிற்பதை கொங்கு நாட்டில் எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். கிணற்று மேட்டில், பாழடைந்த மதில் மேல் தானாக முளைத்த அரச மரம் எல்லாம் பறவை போட்ட விதைதான். சோளக்குருவி, மைனா, குயில், கொண்டைக்குருவி, வவ்வால் என்று இந்த வேலையைப் பல பேர் சேர்ந்து செய்கிறார்கள். கூட்டத்தோடு வந்து தின்பதால் சோளக்குருவியின் பங்கு கணிசமானது.

இதில் சங்கடமும் உண்டு. கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்று கல்லையே பிளந்து விடும். உழவாரப் பணிக்கு வருகிறவர்கள் அதைப் பிடுங்கத்தான் வேண்டும். உன்னிச்செடியும் அப்படியே. 200 வருஷம் முன்பு வெள்ளைக்காரர்கள் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்த செடி அது. அதன் விதையைப் பறவைகள் ஊரெங்கும் தூவியதால் காடு, மேடு எல்லாம் பரவி மேய்ச்சல் புல்லை அமுக்கி விட்டது. குருவிக்கு நல்ல விதை, கெட்ட விதை என்ற பேதம் தெரியாது.

உருளும் கூட்டம்

வயலில் இறங்கினால் இவை மேயும் விதமே தனி. முன்னால் இருக்கும் குருவிகள் பூச்சியைக் கொத்திக்கொண்டு இருக்கும்போதே பின்வரிசை எழுந்து பறந்து, முன்வரிசையைத் தாண்டிப் போய் இறங்கும். அடுத்த நொடி அதற்குப் பின்னால் இருப்பது தாண்டும். தூரத்தில் இருந்து பார்த்தால் கோரைப்பாயை உருட்டி விட்ட மாதிரி கூட்டம் முன்னே உருண்டு போகும். யாரும் பின்தங்க மாட்டார்கள், எல்லோருக்கும் புது இடத்தில் இரை கிடைக்கும்.

சாயங்காலம் அடையும் முன் காட்டும் வித்தைதான் உச்சம். இத்தனை ஆயிரம் குருவி ஒன்றோடு ஒன்று மோதாமல் எப்படித் திரும்புகிறது? தலைவன் என்று ஒருவர் கிடையாது. இதே குடும்பத்து ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை இத்தாலியின் ரோம் நகரில் படம் பிடித்து ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றி இருக்கும் 6, 7 பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புகிறது என்று தெரிந்தது. அந்த ஆய்வுக் குழுவில் இருந்த ஜார்ஜியோ பாரிசி, பின்னர் 2021-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

வல்லூறு பாய்ந்தால் கூட்டம் இறுகி உருண்டையாகி விடும். எதைப் பிடிப்பது என்று வல்லூறுக்கே கண் கட்டும். ராத்திரி முள்மரம், குளத்துச் சம்பு என்று நெருக்கமான இடத்தில் கூட்டமாக அடைவதும் பாதுகாப்புக்காகத்தான். ஊருக்குள் இருக்கும் மரத்தில் அடைந்தால் அடியில் பைக்கை நிறுத்தாமல் இருப்பது நல்லது. காலையில் சீட் முழுக்க வெள்ளை அடித்திருக்கும்.

சோளம் போச்சே!

இனி விவசாயிகளின் பக்கம். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

சேவூர், கருவலூர், தெக்கலூர் என்று மானாவாரிக் காடு வைத்திருப்பவர்களுக்கு சோளம் என்றால் இரட்டை லாபம். தட்டு மாட்டுக்கு, மணி வீட்டுக்கு. குருவி வந்தால் தட்டு மிஞ்சும், மணி போய்விடும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அதுவே பெரிய அடி.

முன்பு ஊரே சோளம் போட்டது. குருவி தின்றாலும் ஆளுக்குக் கொஞ்சம் என்று நஷ்டம் பங்காகிப் போனது. வீட்டுக்கு ஓர் ஆள் பரண் மேல் உட்கார்ந்து கவண் கல் வீச, தகரம் தட்ட இருந்தார். இப்போது பல பேர் மக்காச்சோளத்துக்கும் தென்னைக்கும் மாறி விட்டார்கள். காவலுக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம், இளவட்டங்கள் பனியன் கம்பெனிக்குப் போய் விடுகிறார்கள். சுற்றிலும் சோளம் இல்லாத இடத்தில் ஒருவர் மட்டும் போட்டால் மொத்தக் கூட்டமும் அவர் காட்டிலேயே இறங்குகிறது.

விவசாயிகள் என்ன செய்யலாம்?

* அக்கம்பக்கத்தில் பேசி வைத்து ஒரே சமயத்தில் விதைப்பது நல்லது. எல்லாக் காடும் ஒன்றாக முற்றினால் ஒருவர் தலையில் மட்டும் நஷ்டம் விழாது. முந்தி விளைந்த காடும், பிந்தி விளைந்த காடும்தான் அதிகம் அடிபடும்.

* மணி பால் பிடிப்பதில் இருந்து அறுப்பு வரைதான் ஆபத்து. காலையில் வெயில் ஏறும் வரை, சாயங்காலம் அடையப் போகும் முன்பு ஆகிய இரண்டு நேரமும் கட்டாயம் ஆள் இருக்க வேண்டும்.

* பளபளப்பான ரிப்பன், தகரம், வெடிச்சத்தம் எதுவானாலும் சில நாள்தான் பலிக்கும். பிறகு குருவிக்குப் பழகி விடும். இடத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

* விதைக்காக விட்ட சின்னப் பாத்தி என்றால் வலை போட்டு மூடி விடலாம். சிக்கிச் சாகாத மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும்.

* மணியில் துவர்ப்பு உள்ள சோள ரகங்களைக் குருவிகள் அவ்வளவாகத் தொடாது.

விஷம் வைக்கக் கூடாது. காட்டுப் பறவையைக் கொல்வதும், வலை வைத்துப் பிடிப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விஷம் தடவிய தானியத்தைக் குருவி மட்டும் தின்னாது. வீட்டுக் கோழி, மயில், புறா எல்லாம் சாகும். செத்ததைத் தின்னும் நாயும் சாகும்.

கல் வீடு கட்டிய சீனா

இந்த குருவியைச் சீனாவில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது சுவாரசியமான விஷயம். சின்ஜியாங் மாநில மேய்ச்சல் நிலங்களில் வெட்டுக்கிளித் தொல்லை அதிகம். மருந்து அடித்து ஓய்ந்த அங்குள்ள அதிகாரிகள், 1980-களில் இருந்து மேய்ச்சல் நிலத்தில் கல்லைக் குவித்து, இடுக்கு விட்டு, சோளக்குருவி கூடு கட்ட வசதி செய்து கொடுத்து வருகிறார்கள். கூடு வைத்த குருவிகள் குஞ்சுக்கு இரை தேடி வெட்டுக்கிளியைத் தீர்த்துக் கட்டுகின்றன.

இங்கே கல்லால் அடித்து விரட்டும் குருவிக்கு அங்கே கல்லால் வீடு! இரண்டு ஊருக்கும் வருவது ஒரே குருவி. தின்னக் கிடைப்பதுதான் வேறு.

தண்ணீர் வந்தாச்சு, மரம்?

குளிர்காலத்தில் கிடைப்பதைத் தின்னும் பறவை இது. பழமும் பூச்சியும் அருகில் இருந்தால் அதிலும் வயிறு நிறையும். பழ மரம் குறைந்தால் தானியத்தின் மேல் பாரம் கூடும்.

அந்தப் பழ மரம்தான் கண்முன்னே குறைந்து கொண்டிருக்கிறது. ரோட்டை அகலப்படுத்த, கட்டடம் கட்ட, பழைய ஆல மரமும் அரச மரமும் முதலில் போகின்றன. அதற்குப் பதிலாக நடும் அழகுச் செடிகளில் குருவிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

இன்னொரு பக்கம் நல்ல காலமும் பிறந்திருக்கிறது. கொங்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த அத்திக்கடவு-அவிநாசி திட்டம் 2024 ஆகஸ்டு 17-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம், குட்டைகளுக்கு பவானி ஆற்றின் உபரி நீரைக் கொண்டு சேர்க்கும் திட்டம் இது. அதே மாதம் திருப்பூர் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது.

குளத்துக்குத் தண்ணீர் வந்தால் கரையில் மரம் வைக்க இதை விட நல்ல நேரம் கிடையாது. ஊருக்கு ஊர் மரம் நடும் இளைஞர் கூட்டம் இருக்கிறது. கரைக்கு ஓர் ஆல், ஓர் அரசு, ஓர் அத்தி, இடையில் இலவு, கல்யாண முருங்கை என்று வைத்தால் போதும். ஆலங்கொம்பை வெட்டி நட்டாலே பிடித்து விடும். குளத்துக்குள் இருக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டும்போது, அதில் ராத்திரி அடையும் பறவைக்கு மாற்று மரம் கரையில் வளர்ந்து விட்டதா என்று ஒருமுறை பார்த்துக் கொள்வதும் நல்லது.

பொங்கலுக்கு எண்ணலாம்

சோளக்குருவி உலக அளவில் அழியும் பட்டியலில் இல்லை. ஆனாலும் ஒரு வருஷம் வானம் மறைய வரும், அடுத்த வருஷம் பத்து, இருபது என்று நின்று விடும். எங்கே, எப்போது, எத்தனை என்ற கணக்கு வருஷா வருஷம் இருந்தால்தான் கூடுகிறதா, குறைகிறதா என்று தெரியும்.

அதற்கு பொதுமக்களே உதவலாம். 2015 முதல் ஒவ்வொரு வருஷமும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியோ, தோட்டமோ, குளக்கரையோ, எங்காவது ஓர் இடத்தில் 15 நிமிஷம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் என்ற செயலியில் ஏற்றினால் போதும். காசு செலவு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்யலாம்.

சோளக்குருவியை எண்ண சாயங்காலம் 5½ மணிதான் தோது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று கூட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் எண்ணி, அது போல எத்தனை பகுதி என்று பெருக்கிக் கொள்ளலாம்.

பங்குனி வெயில் சுள்ளென்று ஏறியதும் ஒரு நாள் காலையில் மரம் சத்தமே இல்லாமல் இருக்கும். விருந்தாளிகள் கிளம்பி விட்டார்கள் என்று அர்த்தம். இனி ஐப்பசியில்தான் வருவார்கள். அதற்குள் குளக்கரையில் இரண்டு ஆலங்கொம்பை நட்டு வைக்க நேரம் இருக்கிறது.